விளைச்சல் கணக்கு

கார்டன் மூர் வேதியியலில் முனைவர் பட்டம் வாங்கிய கையோடு போய்ச் சேர்ந்த இடம், மேரிலாந்தில் ஜான் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் நடத்திய பயன்பாட்டு இயற்பியல் ஆய்வுக்கூடம். அகச்சிவப்பு நிறமாலைக் கோடுகளின் வடிவத்தை அளப்பது, சுடர்களை ஆராய்வது, கிடைத்ததை ஆய்விதழ்களில் எழுதுவது அவர் வேலை. அங்கே இருந்தபோது ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தார். தன் ஆய்வுக்கு ஆகும் செலவைத் தாங்கள் அச்சேற்றிய கட்டுரைகளின் சொற்களால் வகுத்தார். சொல்லுக்கு 5 டாலர் என்று வந்தது. இந்தக் கட்டுரைகளை எத்தனை பேர் படிக்கிறார்கள், வரி கட்டுகிற ஜனங்களுக்கு இது கட்டுபடியாகுமா என்ற சந்தேகம் அவருக்கு எழுந்தது.

மூரைப் பற்றி எழுதுகிறவர்கள் இதை ஒரு துணுக்காகச் சொல்லிவிட்டு, அவர் பின்னாளில் தொடங்கிய இன்டெல் நிறுவனத்தின் கதைக்குத் தாவிவிடுவார்கள். எனக்கு அது வெறும் துணுக்காகப் படவில்லை. குடுவைக்குள் இவ்வளவு போட்டேன், இவ்வளவு செலவழித்தேன், கையில் வந்தது எவ்வளவு என்று கேட்பது வேதியியலரின் அன்றாடப் பழக்கம். பிற்காலத்தில் அவர் பெயரால் வழங்கும் விதி இந்தக் கேள்வியிலிருந்துதான் முளைத்தது. வேதியியலை விட்டுத் தொழில்நுட்பத்துக்குப் போனவர் என்று அவரைச் சொல்வது வழக்கம். அவர் எதையும் விட்டுவிட்டுப் போகவில்லை.

இளமைக் காலத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1929 ஜனவரி 3-ல் பிறந்தவர். சான்பிரான்சிஸ்கோவுக்குத் தெற்கே பெஸ்கடேரோ என்ற கடலோரச் சிற்றூரில் வளர்ந்தார். அப்பா ஷெரீஃப் அலுவலகத்தில் காவல் அதிகாரி. பக்கத்து வீட்டுப் பையனுக்குக் கிறிஸ்துமஸ் பரிசாக ஒரு வேதியியல் பெட்டி வந்தது. மூருக்கு அப்போது பதினோரு வயது வாக்கில் இருக்கும். அந்தக் காலத்துப் பெட்டிகளில் இன்று எந்தப் பொம்மைக் கடைக்காரரும் விற்கத் துணியாத பொருள்கள் இருந்தன. சீக்கிரமே பையன் நைட்ரோகிளிசரின் செய்து சின்னச் சின்ன வெடிகளை வெடிக்க ஆரம்பித்துவிட்டான். விரல்கள் பத்தும் தப்பியது அதிர்ஷ்டம். பிறகு சான்ஹோசேயில் இரண்டு ஆண்டு, பெர்க்லியில் 1950-ல் வேதியியல் பட்டம், கால்டெக்கில் 1954-ல் முனைவர் பட்டம்.

அந்த முனைவர் ஆய்வில் கொஞ்சம் நிற்க வேண்டும். ரிச்சர்ட் பேட்ஜரிடம் அவர் ஆராய்ந்தவற்றில் முக்கியமானது நைட்ரஸ் அமிலம். இதைச் சுத்தமாகப் பிரித்து ஒரு புட்டியில் அடைத்து வைக்க முடியாது. வாயு நிலையில் அது நைட்ரிக் ஆக்சைடு, நைட்ரஜன் டை ஆக்சைடு, நீராவி ஆகிய மூன்றோடும் ஒரு சமநிலையில் இருக்கும். ஒரு பக்கம் அமிலம் உருவாகும். மறுபக்கம் அதே அமிலம் உடைந்து பழைய வாயுக்களாகும். எத்தனை கெட்டிக்காரத்தனமாகச் செய்தாலும் குறிப்பிட்ட அளவுக்கு மேல் அமிலம் கிடைக்காது. செய்கிறவரின் திறமைக் குறைவு இதற்குக் காரணமில்லை. வெப்ப இயக்கவியல் போட்டிருக்கும் எல்லை அது. இளம் வயதில் இப்படியொரு பொருளோடு மல்லுக்கு நின்றவருக்கு, எது இயற்கையின் தடை, எது நம்முடைய கைக்குறை என்ற வேறுபாடு உடம்பில் ஊறியிருக்கும் என்பது என் ஊகம். பதினோரு ஆண்டு கழித்து அவர் எழுதிய ஒரு கட்டுரையில் இந்த வேறுபாடு வருகிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

மேரிலாந்தில் மூர் இருந்த ஆய்வுக் குழு கலைந்துகொண்டிருந்தது. மூருக்கும் கலிஃபோர்னியா திரும்ப ஆசை. அணு ஆயுத ஆய்வு நடக்கும் லிவர்மோர் ஆய்வுக்கூடத்தில் நேர்காணலுக்குப் போனார். வேலை கிடைத்தும் பிடிக்காமல் மறுத்துவிட்டார். டிரான்சிஸ்டரைக் கண்டுபிடித்த மூவரில் ஒருவரான வில்லியம் ஷாக்லி அப்போது சொந்த நிறுவனம் தொடங்க ஆள் தேடிக்கொண்டிருந்தார். லிவர்மோர் வேலையை வேண்டாம் என்றவர்களின் பட்டியலைப் பார்க்க அவருக்கு அனுமதி கிடைத்தது. அதில் மூர் பெயர் இருந்தது. முன்பு வேலை பார்த்த பெல் ஆய்வுக்கூடத்தில் வேதியியலர்கள் நிறையப் பயன்பட்டதைப் பார்த்திருந்த ஷாக்லிக்குத் தன்னிடமும் ஒருவர் தேவைப்பட்டார். ஒரு நாள் மாலை தொலைபேசியில் அழைத்தார். 1956-ல் மூர் போய்ச் சேர்ந்தார். டிரான்சிஸ்டரைப் பற்றி அவருக்கு அதற்கு முன் அதிகம் தெரியாது.

தெரியாததால் ஒன்றும் கெட்டுவிடவில்லை. டிரான்சிஸ்டர் வேலை செய்யும் விதம் இயற்பியல். அதைச் செய்யும் விதம் முழுக்க முழுக்க வேதியியல். மிகச் சுத்தமான சிலிக்கான் தகட்டை ஆயிரம் டிகிரிக்கு மேல் சூடான உலையில் வைத்து, பாஸ்பரஸ் அல்லது போரான் கலந்த வாயுவை மேலே ஓட்டுவார்கள். அந்த அணுக்கள் சிலிக்கானுக்குள் மெல்ல விரவும். பாஸ்பரஸ் போன இடத்தில் எலெக்ட்ரான் மிகும். போரான் போன இடத்தில் குறையும். எவ்வளவு ஆழம், எவ்வளவு செறிவு என்பதை வெப்பமும் நேரமும் தீர்மானிக்கும். ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தால் சில பகுதிகளை அரித்து எடுக்க வேண்டும். உலோகத்தை ஆவியாக்கி மேலே படியவைக்க வேண்டும். வாயு போகும் கண்ணாடிக் குழாய்களையெல்லாம் மூர் தானே ஊதிப் பொருத்தினார். கண்ணாடி ஊதுவது பழைய வேதியியலர்களின் கைத்தொழில், அவருக்கு அது நன்றாக வரும்.

ஷாக்லியோடு இருப்பது லேசான காரியமாக இல்லை. ஊழியர்களை நம்பாத மனிதர். ஒரு சின்ன விபத்துக்காக ஆட்களைப் பொய் கண்டறியும் கருவி முன் உட்கார வைக்கப் பார்த்தவர். 1957 செப்டம்பரில் மூர் உட்பட எட்டுப் பேர் ஒன்றாக வெளியேறி ஃபேர்சைல்ட் செமிகண்டக்டரைத் தொடங்கினார்கள். ‘துரோகிகள் எண்மர்’ என்று வரலாற்றில் பெயர் நின்றுவிட்டது. அந்த எட்டுப் பேரைப் பார்த்தால் ஒன்று கவனத்துக்கு வரும்: இயற்பியலர்கள், ஒரு உலோகவியலர், இயந்திரப் பொறியாளர்கள், ஒரு வேதியியலர். மின்பொறியியல் படித்தவர் விக்டர் கிரினிச் ஒருவர்தான். மின்னணுத் தொழிலின் தலைநகரத்தைக் கட்டியவர்களில் பெரும்பாலோர் மின்னணுப் பொறியாளர்களே அல்ல.

ஃபேர்சைல்டின் முதல் வாடிக்கையாளர் ஐபிஎம். நூறு டிரான்சிஸ்டர், ஒன்று 150 டாலர். இதற்காக மூருக்கு வந்த தலைவலி, சிலிக்கானோடு கம்பியை இணைக்கும் உலோகம் எது என்பது. ஒரே டிரான்சிஸ்டரில் எலெக்ட்ரான் மிகுந்த பகுதியும் குறைந்த பகுதியும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. இரண்டையும் தொட வேண்டும். பல உலோகங்களை முயன்று பார்த்தார், எதுவும் சரிப்படவில்லை. அலுமினியத்தைப் போட்டுப் பாரேன் என்றார் எண்மரில் ஒருவரான ராபர்ட் நாய்ஸ். புத்தகப்படி அது சரிவராது. அலுமினியம் தனிம அட்டவணையில் போரான் இருக்கும் அதே குடும்பம். எலெக்ட்ரான் மிகுந்த பகுதியில் கரைந்தால் அதன் குணத்தையே மாற்றி, நடுவில் வேண்டாத ஒரு தடுப்பை உண்டாக்கிவிடும். ஆனால் அந்தப் பகுதியில் பாஸ்பரஸ் மிக அடர்த்தியாக இருந்ததால் கொஞ்சம் அலுமினியம் கலந்தும் அதன் குணம் மாறவில்லை. இரண்டு இடத்துக்கும் ஒரே உலோகம் போதும் என்றாகிவிட்டது.

அலுமினியத்துக்கு இன்னொரு நல்ல குணமும் இருந்தது. அதன் அருமை சற்றுப் பின்னால்தான் தெரிந்தது. எண்மரில் இன்னொருவரான ஜான் ஹோர்னி 1959-ல் ஒரு புதிய வகை டிரான்சிஸ்டரைச் செய்து காட்டினார். உலையில் சிலிக்கான் மேல் தானாகப் படியும் சிலிக்கான் டை ஆக்சைடு ஏட்டை, அதுவரை அழுக்கு என்று கழுவி எறிந்தார்கள். ஹோர்னி அதைக் கழுவாமல் அப்படியே விட்டார். மெல்லிய கண்ணாடிப் போர்வை போல அது கீழே இருப்பதைக் காத்தது. இந்தப் போர்வையின் மேலேயே உலோகக் கோடுகளை இழுத்தால் பல டிரான்சிஸ்டர்களை ஒரே தகட்டில் இணைத்துவிடலாமே என்று நாய்ஸ் யோசித்தார். அதுதான் ஒருங்கிணைந்த மின்சுற்று, சுருக்கமாகச் சில்லு. மேலே இழுக்கும் உலோகம் ஆக்சைடில் நன்றாக ஒட்ட வேண்டும். ஆக்சிஜனைக் கண்டால் விடாத அலுமினியம் அந்த ஏட்டின் ஆக்சிஜனோடு பிணைந்து இறுகப் பற்றிக்கொண்டது. அடுத்த நாற்பது ஆண்டுக்கு உலகத்துச் சில்லுகளில் ஓடிய கம்பி பெரும்பாலும் அலுமினியம்தான்.

மூர் ஃபேர்சைல்டின் ஆய்வுப் பிரிவுத் தலைவரானார். 1965 ஏப்ரல் 19 இதழுக்காக ‘எலெக்ட்ரானிக்ஸ்’ பத்திரிகை அவரிடம் ஒரு கட்டுரை கேட்டது: அடுத்த பத்து ஆண்டுகளில் இந்தத் துறை எப்படி இருக்கும்? நான்கு பக்கத்துக்குள் அடங்கிய அந்தக் கட்டுரையில் இருப்பதாக எல்லோரும் சொல்வது, ஒரு சில்லில் அடங்கும் டிரான்சிஸ்டர் போன்ற உறுப்புகள் ஆண்டுதோறும் இரட்டிக்கும், அறுபதுசொச்சத்தில் தொடங்கி 1975-ல் 65,000 ஆகும் என்பது. அதைப் பிரித்துப் படித்தவர்கள் குறைவு. உண்மையில் அது செலவைப் பற்றிய கட்டுரை.

மூர் போட்ட படத்தில் ஒவ்வொரு ஆண்டுக்கும் ஒரு வளைகோடு. ஒரு சில்லில் மிகக் குறைவான உறுப்புகளை வைத்தால், ஒவ்வொரு உறுப்பின் தலையிலும் சில்லைக் கூட்டில் அடைக்கும் செலவு அதிகமாக விழும். நிறைய வைத்தால் அந்தச் செலவு பங்கு போட்டுக் குறையும். ஆனால் அளவுக்கு மீறித் திணித்தால் ஏதாவது ஒன்று கெட்டு முழுச் சில்லும் குப்பைக்குப் போகும்; செலவு மறுபடி ஏறும். நடுவில் ஒரு பள்ளம். 1965-ல் அந்தப் பள்ளம் சில்லுக்கு ஐம்பது உறுப்பில் இருந்தது. ஆண்டுதோறும் பள்ளம் வலப்பக்கம் நகர்கிறது, கீழேயும் இறங்குகிறது என்பதே அவர் கண்டது.

பள்ளத்தை நகர்த்துவது விளைச்சல். தொழிற்சாலையில் யீல்டு என்பார்கள். செய்த சில்லுகளில் நூற்றுக்கு எத்தனை தேறுகின்றன என்பது. எளிமையாக்கி ஒரு கணக்குப் பார்க்கலாம். ஒவ்வொரு உறுப்பும் தொண்ணூற்றொன்பது சதவீதம் சரியாக அமைகிறது என்று கொள்வோம். ஐம்பது உறுப்புள்ள சில்லுகளில் நூற்றுக்கு அறுபது தேறும். ஆயிரம் உறுப்பு வைத்தால், இலட்சத்துக்கு நாலைந்துகூடத் தேறினால் அதிசயம். பிழையை நூறில் ஒரு பங்காகக் குறைத்து 99.99 சதவீதம் ஆக்கினால் அதே ஆயிரம் உறுப்புச் சில்லில் நூற்றுக்குத் தொண்ணூறு தேறிவிடும். பத்துப் படிகளில் ஒரு மருந்து மூலக்கூறைத் தயாரிக்கும் கரிம வேதியியலர் இதே கணக்கில்தான் வாழ்கிறார். படிக்குத் தொண்ணூறு சதவீதம் கிடைத்தாலும் கடைசியில் மிஞ்சுவது முப்பத்தைந்துதான்.

நான் சொல்ல வந்த இடம் இதுதான். சில்லு விளைச்சலை எவ்வளவு உயர்த்த முடியும் என்ற கேள்வி வந்ததும் மூர் வேதியியலுக்குத் திரும்புகிறார். வேதிவினைகளில் விளைச்சலுக்கு வெப்ப இயக்கவியல் சமநிலை ஒரு மேல்வரம்பு விதிக்கிறது. சில்லு செய்வதில் அப்படிப்பட்ட வரம்பு ஏதும் இல்லை, தேவைப்படுவது முயற்சியும் பொறியியலும்தான் என்று எழுதுகிறார். பத்திரிகை வாசகர்களில் பலர் அந்த வரியைத் தாண்டிப் போயிருப்பார்கள். நைட்ரஸ் அமிலத்தோடு போராடியவர் எழுதுகிறார் என்று தெரிந்து படித்தால் அதன் கனம் தெரியும். இயற்கை கதவைச் சாத்தியிருக்கும் இடமும், நாம் திறக்கச் சோம்பியிருக்கும் இடமும் அவருக்கு வேறு வேறு. அந்த இரட்டிப்பு நடக்கும் என்று அவர் துணிந்ததன் ஆதாரம் வரைபடத்தில் குறித்த ஒரு சில புள்ளிகளைவிட இந்த வரியில்தான் அதிகம் இருப்பதாக நினைக்கிறேன். ‘மூர் விதி’ என்ற பெயரைப் பின்னால் பரப்பியவர் கால்டெக் பேராசிரியர் கார்வர் மீட். மூர் ரொம்ப நாள் அந்தப் பெயரைச் சொல்லவே கூசினார்.

துணிச்சல் சரி, நடைமுறையில் விளைச்சலைக் கெடுத்தது என்ன? அந்தக் காலத்தில் உலோகம், ஆக்சைடு, சிலிக்கான் என்று அடுக்கிச் செய்யும் மாஸ் வகை டிரான்சிஸ்டர்கள் ஒரு பெரிய நம்பிக்கையாக இருந்தன. ஆனால் வேலை செய்துகொண்டிருக்கும்போதே குணம் மாறின. இன்று ஒரு மின்னழுத்தத்தில் இயங்கியது நாளை வேறொன்றில் இயங்கும். ஃபேர்சைல்டின் ஆய்வுக்கூடத்தில் மூர் வேலைக்கு எடுத்த இளைஞர்கள் இதைத் துப்பறிந்தார்கள்: புரூஸ் டீல், எட் ஸ்னோ, பெர்க்லியில் வேதிப்பொறியியலில் முனைவர் பட்டம் பெற்று 1963-ல் வந்த ஆண்ட்ரூ குரோவ். ஹங்கேரியிலிருந்து தப்பி வந்தவர் குரோவ். அவர்கள் கண்டுபிடித்த குற்றவாளி சோடியம். ஆக்சைடு ஏட்டுக்குள் மாட்டிக்கொண்ட சோடியம் அயனிகள், மின்னழுத்தம் கொடுத்ததும் மெல்ல நகர்ந்து கீழே சிலிக்கானைக் குழப்பிவிடும். சோடியம் எங்கிருந்து வந்தது? உலைக் குழாயிலிருந்து, வேதிப்பொருளிலிருந்து, உலோகத்தைச் சூடாக்கும் இழையிலிருந்து, தொட்ட விரலின் வியர்வையிலிருந்து. 1965-ல் இதை வெளியிட்டார்கள். சில்லுத் தொழிற்சாலையில் தலை முதல் கால் வரை மூடிக்கொண்டு நிற்பதற்குத் தூசியைத்தான் காரணமாகச் சொல்வார்கள். உப்பையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஃபேர்சைல்டில் மூரை வாட்டியது வேறொன்று. பாலோ ஆல்டோவிலிருந்த ஆய்வுக்கூடம் புதிது புதிதாகக் கண்டுபிடித்தது. சில கிலோமீட்டர் தள்ளி மவுண்டன் வியூவிலிருந்த தொழிற்சாலை அவற்றை ஏற்கவில்லை. எழுதிக் கொடுத்த செய்முறையை அங்கே போட்டால் வேறு விடை வந்தது. உற்பத்திப் பிரிவினர் எல்லாவற்றையும் முதலிலிருந்து தாங்களே செய்துபார்த்தார்கள். இதற்குள் வெளியேறியவர்கள் அந்தக் கண்டுபிடிப்புகளை வைத்து வேறு நிறுவனம் தொடங்கிவிட்டார்கள். ஆய்வகத்தில் நின்ற யாருக்கும் இது புரியும். காகிதத்தில் எழுதும் செய்முறை பாதிதான். மீதி அந்த உலையில், அந்தத் தண்ணீரில், அந்தக் கையில் இருக்கிறது.

1968 ஜூலையில் நாய்ஸும் மூரும் இன்டெலைத் தொடங்கியபோது மூர் எடுத்த முடிவு, தனி ஆய்வுக்கூடமே வேண்டாம் என்பது. புதிய முறைகளை உற்பத்தி வரிசையிலேயே, உற்பத்திக்கு இடைஞ்சலாக இருந்தாலும், முயல வேண்டும். ஒரு சிக்கல் வந்தால் அதை வேர் வரை ஆராயாதே; விடை என்னவாக இருக்கும் என்று ஊகி, அந்த ஊகம் சரியா என்று தெரிய எவ்வளவு தேவையோ அவ்வளவு மட்டும் செய். குறைந்தபட்சத் தகவல் கொள்கை என்று இதற்குப் பெயரே வைத்திருந்தார்கள். சொல்லுக்கு 5 டாலர் என்று கணக்குப் பார்த்த ஆளிடம் வேறு எதை எதிர்பார்க்க முடியும்? ஆனால் இதில் ஒரு குறையும் உண்டு. இப்படி ஊகிக்கத் தேவையான அடிப்படை அறிவை யாரோ, எங்கோ, வேர் வரை ஆராய்ந்து வைத்திருக்க வேண்டும். பெல் ஆய்வுக்கூடமும் பல்கலைக்கழகங்களும் செய்த செலவில் இன்டெல் குளிர்காய்ந்தது. மூர் இதை ஒளிக்கவில்லை. தொழில் நிறுவனங்கள் ஆய்வைக் குறைத்தால் பல்கலைக்கழகங்களைத் தாங்க வேண்டும் என்று பின்னாளில் சொல்லிவந்தார்.

தொடக்கத்தில் இன்டெல் மூன்று வழிகளில் நினைவகச் சில்லு செய்யப் பார்த்தது. ஒன்று ரொம்ப எளிது. வெற்றி கிடைத்தது, போட்டியாளர்களும் உடனே அதைச் செய்துவிட்டார்கள். ஒன்று ரொம்பக் கடினம், நிறைவேறவில்லை. நடுவில் இருந்தது, டிரான்சிஸ்டரின் கேட் என்னும் மின்வாயை உலோகத்துக்குப் பதில் சிலிக்கானாலேயே செய்யும் முறை. முழுக் கவனமும் கொடுத்தால் தீரக்கூடிய, மற்றவர்களுக்குச் சில ஆண்டு பிடிக்கக்கூடிய சிரமம். இதில் ஒரு சிக்கல் கழுத்தைப் பிடித்தது. சில்லின் மேற்பரப்பில் உண்டான கூரிய படிகளில் ஏறி இறங்கும் அலுமினியக் கோடு அங்கங்கே அறுந்துபோனது. மூரின் தீர்வு கண்ணாடி ஊதியவரின் தீர்வு. ஆக்சைடில் பாஸ்பரஸைக் கலந்தால் அது குறைந்த வெப்பத்திலேயே இளகும். சூடாக்கினால் கூர்முனைகள் வழிந்து உருண்டையாகிவிடும். மேலே போகும் கோடு அறுபடாது. வெளியில் மூச்சு விடாமல் இன்டெல் இதைத் தொழில் ரகசியமாகக் காத்தது. 1971-ல் வந்த 4004 என்ற முதல் நுண்செயலியில் 2,300 டிரான்சிஸ்டர்கள் இருந்தன. அதுவும் சிலிக்கான் கேட் முறையில் செய்ததுதான்.

1975-ல் மூர் இன்டெலின் தலைமை ஏற்றார். 1987 வரை தலைமைச் செயல் அதிகாரி. அதட்டிப் பேசத் தெரியாத, ஆளை வேலையிலிருந்து நீக்கக் கூசும் மனிதர். அந்தக் கடுமையை குரோவ் பார்த்துக்கொண்டார். தவறான கணிப்புகளும் உண்டு. இன்டெல் மைக்ரோமா என்ற மின்னணுக் கைக்கடிகார நிறுவனத்தை வாங்கிக் கையைச் சுட்டுக்கொண்டது. அந்தக் கடிகாரத்தைப் பல ஆண்டு கட்டிக்கொண்டு, இது ஒன்றரைக் கோடி டாலர் கடிகாரம் என்று மூர் சொல்லிக் காட்டுவார். வீட்டுக் கணினி செய்யலாம் என்று ஒரு பொறியாளர் வந்தபோது, அதை வைத்து வீட்டில் என்ன செய்வார்கள் என்று கேட்டார். சமையல் குறிப்பு எழுதி வைக்கலாம் என்பதற்கு மேல் பதில் வராததால் விட்டுவிட்டார். 1965 கட்டுரையில் வீட்டுக் கணினி வரும் என்று எழுதியவரும் இவரேதான்.

ஜப்பானிய நிறுவனங்கள் நினைவகச் சில்லுகளை மலிவாகக் கொட்டிய 1985-ல் அவர் கணக்கு பிசகவில்லை. நம்மை நீக்கிவிட்டுப் புதியவர் ஒருவரைத் தலைமைக்குக் கொண்டுவந்தால் அவர் என்ன செய்வார் என்று குரோவ் கேட்டார். நினைவகத்தை விட்டு வெளியேறுவார் என்று மூர் தயங்காமல் சொன்னார். அதையே இருவரும் செய்தார்கள். இத்தனைக்கும் இன்டெல் பிறந்ததே நினைவகத்துக்காக. ஜப்பானியரின் விளைச்சல் தங்களைவிட உயர்வு என்பதை மூர் அறிவார். அதற்கு மேல் அவருக்கு வாதம் தேவைப்படவில்லை.

தலைமை ஏற்ற அதே 1975-ல் தன் கணிப்பையும் அவர் பிரித்துப் பார்த்தார். பத்து ஆண்டு வளர்ச்சியில் சில்லின் பரப்பு பெருத்ததால் எவ்வளவு, கோடுகள் மெலிந்ததால் எவ்வளவு, வடிவமைப்பில் இடத்தை மிச்சப்படுத்திய சாமர்த்தியத்தால் எவ்வளவு என்று தனித்தனியே கூறு போட்டார். மூன்றாவது தீர்ந்துவருகிறது, ஆகவே சில ஆண்டுகளில் இரட்டிப்பு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையாகக் குறையும் என்று திருத்தினார்.

மூருக்குப் பின் இன்டெலை நடத்தியவர் வேதிப்பொறியாளர் குரோவ். அவருக்குப் பின் பொருளறிவியல் பேராசிரியராக இருந்த கிரெய்க் பாரெட். ஒரு தொழிற்சாலையில் நல்ல விளைச்சல் தந்த முறையை அடுத்த தொழிற்சாலையில் அச்சுப் பிசகாமல் நகலெடுக்க வேண்டும் என்று கட்டாயமாக்கியவர் பாரெட். ஆக 1975 முதல் 2005 வரை முப்பது ஆண்டுகள் அந்த நிறுவனத்தின் தலைமை நாற்காலியில் பொருள்களின் வேதியியலை அறிந்தவர்களே இருந்தார்கள். 2005-ல் பொருளியல் படித்த பால் ஓட்டெலினி வந்தார்.

மூர் 2023 மார்ச் 24-ல் ஹவாயில் தொண்ணூற்று நான்கு வயதில் காலமானார். அதற்குப் பல ஆண்டு முன்பே ஆக்சைடு ஏடு தன் எல்லையை எட்டிவிட்டது. ஹோர்னி கழுவாமல் விட்ட அந்தப் பொருள், கேட் மின்வாய்க்குக் கீழே 1.2 நானோமீட்டராக, ஏறத்தாழ ஐந்து அணு அடுக்காகத் தேய்ந்திருந்தது. அதற்கு மேல் மெலிந்தால் எலெக்ட்ரான்கள் ஊடுருவி ஒழுகும். 2007-ல் இன்டெல் அதை மாற்றி ஹாஃப்னியம் கலந்த பொருளைப் போட்டது. சிலிக்கான் கேட்டுக்குப் பதில் மறுபடி உலோகக் கேட் வந்தது. அறுபதுகளின் கடைசியில் சிலிக்கான் கேட் வந்த பிறகு டிரான்சிஸ்டரில் நடந்த மிகப்பெரிய மாற்றம் இது என்று மூர் சொன்னார். எந்த உலோகங்கள் என்பதை இன்டெல் அப்போது வெளியில் சொல்லவில்லை.